எந்தக் காப்பிக் கண்காட்சிக்குப் போவது? வாங்கப் போகிறவருக்குச் சில கணக்குகள்

காப்பிக்கொட்டை வியாபாரத்தில் 30 ஆண்டு அனுபவமுள்ள அன்பர்களுக்குப் 'பூல்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. தோட்டக்காரர்கள் தங்கள் விளைச்சலைக் காப்பி வாரியத்திடம் ஒப்படைப்பார்கள். வாரியம் அதை ஏலத்தில் விடும். வறுத்து அரைத்து விற்கும் நாம் ஏலத்திலோ, ஏலம் எடுத்தவரிடமோ வாங்குவோம். யாரிடம் வாங்குவது என்ற கேள்விக்கே அன்று இடமில்லை. 1990களின் தொடக்கத்தில் இந்த ஏற்பாடு படிப்படியாகத் தளர்ந்தது. 1996இல் பெரியவர், சிறியவர் எல்லாத் தோட்டக்காரர்களும் தங்கள் சரக்கை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்றாயிற்று. அன்றிலிருந்து நல்ல சரக்கைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு நம் தலையில் ஏறியது. தேடுகிறவர்கள் இருந்தால் கண்காட்சி போடுகிறவர்களும் வருவார்கள் அல்லவா? வந்தார்கள்.

இப்போது ஆண்டு முழுவதும் அழைப்பிதழ்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. டில்லியில் ஒன்று, மும்பையில் ஒன்று, துபாயில் ஒன்று, இத்தாலியில் ஒன்று. வழவழப்பான தாளில் அச்சிட்டுத் தபாலில் வந்த காலம் போய், இன்று செல்போனிலேயே வந்து விழுகின்றன. அனுமதி இலவசம், 'வாங்குவோர் - விற்போர் நேரடிச் சந்திப்பு' என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். பெரிய கம்பெனிகளில் கொள்முதலுக்கென்றே தனி அதிகாரி உண்டு. அவர் மாதம் ஒரு ஊர் போய் வரலாம். நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் கல்லாவிலும் உட்கார்ந்து, வறுவலையும் பார்த்து, வசூலுக்கும் தாமே போகிறவர்கள். ஆண்டுக்கு ஒரு பயணம், மிஞ்சினால் இரண்டு. அந்த ஒன்று எது என்பதைத்தான் இங்கே பேசப் போகிறோம்.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. 2023 தொடக்கத்தில் லண்டன் சந்தையில் டன் 2,000 டாலர் அளவில் இருந்த ரொபஸ்டா, 2024 செப்டம்பரில் 5,000 டாலரைத் தாண்டியது. நியூயார்க்கில் அராபிகா 2025 பிப்ரவரியில் பவுண்டு 4 டாலருக்கு மேல் போயிற்று. நம் நாட்டு விளைச்சலில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போவதால், அங்கே ஏறினால் குடகிலும் ஏறும், ஏற்காட்டிலும் ஏறும். முன்பு 20 மூட்டை ரொபஸ்டா எடுத்த முதலில் பாதி மூட்டை எடுக்கவே திணறியவர்கள் நம்மிடையே பலர். கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டினால் வாடிக்கையாளர் அடுத்த கடைப் படி ஏறிவிடுகிறார். இப்படிப்பட்ட காலத்தில் பயணச் செலவும் சரக்கின் அடக்க விலையில் சேர்ந்துதான் நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 500 கிலோ தூள் விற்கும் கடை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6,000 கிலோ. வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றுக்கு விமானம், விசா, தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 90,000 ரூபாய் ஆனால், கிலோவுக்கு 15 ரூபாய். டில்லி போய்வர 30,000 என்றால் கிலோவுக்கு 5 ரூபாய். பெங்களூருக்கு இரவு ரயிலில் போய் ஒரு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப 6,000 என்றால் ஒரு ரூபாய். கடையை மூடி வைத்த நாட்களின் வியாபார நஷ்டம் இதில் சேரவில்லை. ஒவ்வொருவரும் தம் விற்பனையை இந்த இடத்தில் போட்டு வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பதினைந்து ரூபாயோ ஐந்து ரூபாயோ கொள்முதலில் திரும்பி வருமா என்று கேட்ட பிறகு டிக்கெட் எடுக்கலாம்.

முதலில் கொள்முதல் சீட்டு

மளிகைக்குப் போகிறவர் வீட்டிலிருந்தே சீட்டு எழுதிக்கொண்டு போகிறார். கண்காட்சிக்குப் போகிற நாமோ அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறோம். வரும் பன்னிரண்டு மாதத்தில் எதை வாங்கப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பச்சைக்கொட்டையா? எந்த ரகம், எத்தனை மூட்டை? வறுவை மிஷின் மாற்ற வேண்டுமா? பாக்கெட் அடிக்கும் மிஷினா, அச்சிட்ட பையா? எழுதி முடித்ததும் ஒன்று விளங்கும். கொட்டைக்கும் மிஷினுக்கும் ஒரே கண்காட்சி பொருந்துவது அபூர்வம். சிக்கரியோ கண்காட்சிச் சரக்கே அல்ல. அது குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைந்து, அங்குள்ள ஆலைகளில் வறுபட்டு, ஏஜெண்டுகள் மூலம் நமக்கு வந்து சேர்கிறது. அதற்காக யாரும் ரயில் ஏற வேண்டியதில்லை.

கொட்டை வாங்கப் போகிறவருக்கு

கொட்டைக்கு ஒரு பருவம் உண்டு. கண்காட்சிக்கு அது தெரியாது. மண்டபம் எப்போது காலியாக இருக்கிறதோ, ஓட்டல் வாடகை எப்போது ஒத்துவருகிறதோ, அப்போது கண்காட்சி நடக்கும். அராபிகாப் பழம் நவம்பரிலிருந்து ஜனவரி வரை பறிபடுகிறது. ரொபஸ்டா ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை போகிறது. பறித்து, உலர்த்தி, க்யூரிங் ஆலைக்கு வந்து, தோல் உடைத்துத் தரம் பிரித்து நம் கைக்கு மாதிரி கிடைக்கப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஆகும். புதுச் சரக்கைப் பார்த்து வாங்க ஏற்ற நாட்கள் அவைதாம். செப்டம்பரில் நடக்கும் கண்காட்சியில் தட்டில் பரப்பி வைத்திருக்கும் கொட்டை, ஆறேழு மாதம் கிடங்கில் கிடந்த சரக்கு. அதன் வாசனையை வைத்து அடுத்த ஆண்டுச் சரக்கைத் தீர்மானிக்க முடியாது. பிப்ரவரி, மார்ச்சில் பெய்யும் பூ மழை எப்படி இருந்தது, பிஞ்சு நின்றதா உதிர்ந்ததா என்ற செய்தி வேண்டுமானால் அங்கே கிடைக்கும். அதுவும் பயனுள்ள செய்திதான். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ஒரு டெலிபோன் போதும்.

இன்னொன்று. நம் நாட்டுக் காப்பி விவசாயிகளில் 100க்கு 98 பேருக்கு மேல் 10 ஹெக்டேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்கள். நாட்டின் விளைச்சலில் பெரும்பங்கு அவர்களுடையது. அவர்கள் ஸ்டால் போடுவதில்லை. அந்த வாடகை அவர்களுக்குக் கட்டுபடியாகாது. ஸ்டால் போடுகிறவர்கள் பெரிய எஸ்டேட்டுகளும் ஏற்றுமதி நிறுவனங்களும்தான். அவர்கள் எதிர்பார்ப்பது கண்டெய்னர் கணக்கில் எடுக்கும் வெளிநாட்டு வியாபாரியை. 10 மூட்டை பிளாண்டேஷன் ஏ, 5 மூட்டை பீபரி என்று நாம் கேட்டால், மரியாதையாகக் காப்பி கொடுத்து, விசிட்டிங் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அந்தச் சந்தை நமக்காகப் போடப்பட்டதல்ல.

நம் அளவுக்கு ஏற்ற சந்தை க்யூரிங் ஆலைகளின் வாசலில் இருக்கிறது. நம் பக்கத்தில் பட்டிவீரன்பட்டி, போடிநாயக்கனூர், கோவை. மலைக்கு அப்பால் ஹாசன், சிக்மகளூர், குஷால்நகர், ஹுன்சூர். பல தோட்டங்களின் சரக்கு ஒரே கூரையின் கீழ் வருவதால் ஒரு நாளில் பல மாதிரிகளைப் பார்த்துவிடலாம். குன்னூரில் நடக்கும் உபாசியின் ஆண்டு மாநாடு தோட்டக்காரர்களுக்கானது. தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் அந்தச் சங்கம் 1893இல் தோன்றியது. நமக்கு அங்கே வாங்க ஒன்றுமில்லை என்றாலும், நீலகிரி, ஆனைமலை, சேர்வராயன் மலைத் தோட்டக்காரர்களோடு அறிமுகம் தேடுகிறவருக்கு அந்த நாட்கள் வீண்போகா. கோவைக்காரருக்குப் பஸ் கட்டணத்தோடு முடிகிற செலவு.

எங்கே போய்ப் பார்த்தாலும் விலை சொல்லும்போது காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் 50 கிலோ மூட்டைக்கு விலை சொல்வார்கள். அது உலர்ந்த செர்ரியா, பார்ச்மெண்டா, தோல் உடைத்த கிளீன் சரக்கா? ரொபஸ்டா செர்ரி 50 கிலோவை உடைத்தால் சுமார் 26 கிலோ கிளீன் கொட்டை விழும். மூட்டை 10,000 ரூபாய் என்று வைத்தால் கிலோ 200 ரூபாய் என்று மனக்கணக்குப் போடுகிறவர் ஏமாந்து போவார். உண்மையில் அது கிலோ 385 ரூபாய். ஆலைக்கூலி அதற்கு மேல். பிறகு வறுவலில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது கிலோ வரை எடை குறையும். இரண்டு ஸ்டால்களில் கேட்ட விலையை ஒப்பிடும் முன் இரண்டையும் வறுத்த கொட்டையின் கிலோ விலைக்குக் கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது ருசி. இதில்தான் கண்காட்சி நம்மவர்களை அதிகம் மயக்குகிறது. அங்கே 'கப்பிங்' என்ற பெயரில் வரிசையாகக் கிண்ணங்கள் வைத்திருப்பார்கள். 150 மில்லி வெந்நீருக்கு 8.25 கிராம் தூள் என்பது உலக அளவில் வழங்கும் கணக்கு. கொட்டையை இளம் பதமாக வறுத்து, பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல், கரண்டியால் உறிஞ்சிச் சுவை பார்ப்பார்கள். எலுமிச்சை மணம், பூ மணம் என்று குறித்துக்கொள்வார்கள். தவறான முறை அல்ல. கொட்டையில் உள்ள குறைகளைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நம் வாடிக்கையாளர் குடிப்பது என்ன? நன்றாக வறுத்த கொட்டையில் சிக்கரி சேர்த்து, பில்டரில் இறங்கிய கெட்டி டிகாக்ஷனைக் காய்ச்சிய பாலில் கலந்த காப்பி. கிண்ணத்தில் 85 மதிப்பெண் வாங்கிய கொட்டையின் பூ மணம் எல்லாம் பாலில் கரைந்து காணாமல் போகும். கிண்ணத்தில் பெயர் வாங்காத நல்ல ரொபஸ்டா பார்ச்மெண்ட், டபராவில் நுரையோடு எழுந்து நிற்கும். பத்து மதிப்பெண் கூட வாங்கிய சரக்குக்குப் பத்து சதம் விலை கூடக் கொடுக்க நாம் ஏன் முன்வர வேண்டும்?

ஆகவே கண்காட்சியில் கொட்டையைச் சுவைத்து ஆர்டர் கொடுப்பதை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். பிடித்த ரகத்தில் ஒரு கிலோ பச்சைக்கொட்டை மாதிரி கேளுங்கள். லாட் எண், பறித்த பருவம், க்யூரிங் ஆலையின் பெயர் மூன்றையும் பையின் மேல் எழுதி வாங்குங்கள். கடைக்கு வந்து உங்கள் மிஷினில், உங்கள் பதத்தில் வறுத்து, உங்கள் சிக்கரியோடு உங்கள் வீட்டுப் பாலில் போட்டுப் பாருங்கள். மாதிரியில் பாதியைக் காற்றுப் புகாமல் கட்டி எடுத்து வையுங்கள். மூட்டை வந்திறங்கும் நாளில் ஒப்பிட வேண்டியிருக்கும். பிளாண்டேஷன் ஏ என்றால் 6.65 மில்லி மீட்டர் சல்லடையில் 90 சதம் நிற்க வேண்டும். ஈரப்பதம் 12.5 சதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகக் காப்பி அமைப்பு வகுத்த அளவு. பருவக்காற்றில் ஊறவைத்த மான்சூன்ட் மலபார் ரகம் இதற்கு விலக்கு. சல்லடையும் ஈரமானியும் வைத்திருக்கும் உறுப்பினர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்; கேட்டால் கொடுப்பார்.

நம் நாட்டில் நடப்பவை

டில்லி பிரகதி மைதானத்தில் இந்திய வர்த்தக மேம்பாட்டு நிறுவனம் மார்ச் மாதத்தில் நடத்தும் 'ஆஹார்' பெரிய கண்காட்சி. ஓட்டல், பேக்கரி, சமையலறை இயந்திரங்கள் எல்லாம் வரும். காப்பி அதில் ஒரு மூலை. ஓட்டல்களுக்குக் காப்பித்தூளோடு மிஷினும் சப்ளை செய்யும் மொத்த வியாபாரிகளுக்கு அது ஏற்றது. தூள்கடை மட்டும் வைத்திருப்பவருக்கு மார்ச் மாதத்தில் டில்லியில் இருப்பதைவிடக் குஷால்நகரில் இருப்பது லாபம்.

மும்பையில் 2013 முதல் தேயிலைக்கும் காப்பிக்குமாகத் தனிக் கண்காட்சி நடந்துவருகிறது. அளவில் சிறியது என்பதே நமக்கு அதன் நன்மை. ஒரு நாளில் முழுவதையும் பார்த்துவிடலாம். விற்பனை மிஷின், பிரீமிக்ஸ், பை, டப்பா வகைகள் பார்க்க ஏற்ற இடம்.

சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பு நடத்தும் 'ஃபுட்ப்ரோ' பெயரில் காப்பி இல்லை. அதனால் நம்மவர்கள் கண்ணில் படுவதில்லை. வறுவை, அரவை, பாக்கெட் மிஷின் வாங்க நினைக்கும் தமிழ்நாட்டு வியாபாரிக்கு நாம் முதலில் சொல்வது இதைத்தான். ஸ்டால் போடுகிறவர்கள் உணவுப் பதனீட்டு இயந்திரக்காரர்கள். அவர்களில் பலருக்குத் தெற்கே சர்வீஸ் ஆள் உண்டு. காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். விட்டுப்போன கேள்வியை மறுநாள் போய்க் கேட்கலாம்.

பெங்களூரில் 2002இல் தொடங்கிய இந்திய சர்வதேசக் காப்பித் திருவிழா ஆண்டுதோறும் நடந்ததல்ல. இடைவெளி விட்டு விட்டு நடந்தது. 2018 ஜனவரியிலும் பெங்களூரில் நடந்தது. 2020இல் நடக்க இருந்த உலகக் காப்பி மாநாடு கொரோனாவால் தள்ளிப்போய், 2023 செப்டம்பர் 25 முதல் 28 வரை பெங்களூர் அரண்மனை வளாகத்தில் நடந்தது. லண்டன், சால்வடார், குவாத்தமாலா, அடிஸ் அபாபாவுக்குப் பிறகு ஐந்தாவது மாநாடு. ஆசியாவில் அதுவே முதல். போனவர்களுக்கு நல்ல காட்சி. நாடு நாடாக வந்தவர்களைப் பார்த்தார்கள், விலைப்போக்கைப் பற்றிய உரைகளைக் கேட்டார்கள். ஆனால் மாநாடு வேறு, சந்தை வேறு. மாநாட்டுக்குப் போகிறவர் கேட்கப் போகிறார். சந்தைக்குப் போகிறவர் வாங்கப் போகிறார். அழைப்பிதழில் உரையாளர்களின் படங்கள் நிறைந்து, ஸ்டால்களின் வரைபடம் இல்லாமலிருந்தால் அது முதல் வகை என்று கொள்ளலாம்.

கற்றுக்கொள்ளத்தான் போகிறோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூரில் காப்பி வாரியம் 'காப்பி சாஸ்திரா' என்ற பெயரில் வறுவல், அரவை, சுவை பார்த்தல் பற்றிப் பயிற்சி நடத்திவருகிறது. மூன்று கண்காட்சிகளில் நின்றபடி கேட்பதை அங்கே உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். 'ஃபிளேவர் ஆஃப் இந்தியா' என்ற பெயரில் வாரியம் நடத்தும் போட்டியில் பரிசு பெற்ற தோட்டங்களின் பட்டியலையும் கவனித்து வாருங்கள். யாரைத் தேடிப் போவது என்பதற்கு அது நல்ல வழிகாட்டி.

கடல் கடந்து

வெளிநாட்டுக் கண்காட்சிகளைப் பற்றி மனந்திறந்து பேசிவிடுவோம். பச்சைக்கொட்டை வாங்குவதற்காக அங்கே போவது பொருந்தாது. இறக்குமதியாகும் காப்பிக்கு நம் நாட்டில் அடிப்படைச் சுங்கவரி நூறு சதம். ஆசியான் நாடுகளுக்கு ஒப்பந்தச் சலுகை உண்டு என்றாலும் மிச்ச வரியே கனமானது. வியட்நாமிலிருந்து கொட்டை கொண்டுவரும் இன்ஸ்டண்ட் காப்பி ஆலைகள் அதைத் திரும்ப ஏற்றுமதி செய்வதால் வரியிலிருந்து தப்புகின்றன. உள்ளூரில் விற்கும் நமக்கு அந்த வழி இல்லை. பிரேசிலின் பெலோ ஹொரிசோன்டே நகரில் நவம்பரில் நடக்கும் காப்பி வாரம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும், அங்கே நாம் பார்வையாளர்கள்தாம்.

அமெரிக்க, ஐரோப்பியச் சங்கங்கள் இணைந்து 2017இல் உருவான ஸ்பெஷாலிட்டி காப்பி சங்கம் நடத்தும் கண்காட்சிகள் ஆண்டுக்கு ஓர் ஊராக இடம் மாறும். ஐரோப்பாவில் 2023இல் ஏதென்ஸ், 2024இல் கோபன்ஹேகன், 2025இல் ஜெனீவா. ஆசியாவில் 2024இல் பூசான், 2025இல் ஜகார்த்தா. 2022 முதல் துபாயிலும். போன முறை நன்றாக இருந்தது என்று ஒருவர் சொன்னால், எந்த ஊரில் என்று கேளுங்கள். ஊர் மாறினால் வருகிற ஆட்களும் மாறுவார்கள். இவற்றில் துபாய் ஒன்றுதான் செலவிலும் தூரத்திலும் நமக்குக் கைக்கெட்டுவது. அங்கேயும் போக வேண்டியவர் வளைகுடாத் தமிழர் கடைகளுக்குப் பில்டர் தூள் அனுப்பும் ஏற்றுமதியாளரே. அவர் விற்கப் போகிறவர். வாங்குவோருக்கு அங்கே அவசியமாக ஒன்றும் இல்லை.

மிலான் நகரில் ஒற்றைப்படை ஆண்டுகளில் அக்டோபரில் நடக்கும் 'ஹோஸ்ட்' காப்பி மிஷின்களின் திருவிழா. எஸ்ப்ரெஸோ மிஷின் செய்யும் இத்தாலியக் கம்பெனிகள் பெரும்பாலும் அங்கே இருக்கும். நகரத்தில் காப்பி பார் தொடங்க முனையும் நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் சிலர் போக ஆசைப்படுகிறார்கள். ஐந்தாறு மிஷின்கள் ஒரே சமயத்தில் வாங்குவதாக இருந்தால் போகட்டும். ஒரே ஒரு மிஷினுக்காக என்றால், அதே கம்பெனிக்கு இந்தியாவில் ஏஜெண்டு இருக்கிறாரா என்று விசாரித்து அவரிடமே பேரம் பேசுவது மேல். ஏஜெண்டு இல்லை என்றால் அந்த மிஷினே வேண்டாம். அங்கே காட்டும் அரவை மிஷின்கள் எஸ்ப்ரெஸோ பதத்துக்கு அமைந்தவை என்பதும் நினைவிருக்கட்டும். ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும் சிக்கரியை அவை கண்டதில்லை.

மிஷின் பார்க்கும்போது

கண்காட்சியால் நிச்சயமாகப் பயன் உண்டென்றால் அது இங்கேதான். பத்துக் கம்பெனிகளின் மிஷின்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதை வேறெங்கும் பார்க்க முடியாது. ஆனால் அங்கே ஓடுவது வேறு, நம் கடையில் ஓடுவது வேறு.

நம் உறுப்பினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் வடக்கே ஒரு கண்காட்சியில் பாக்கெட் அடிக்கும் மிஷின் பார்த்தார். சர்க்கரையைப் போட்டு ஓட்டிக் காட்டினார்கள். நிமிடத்துக்கு இத்தனை பாக்கெட் என்று மளமளவென்று விழுந்தது. 'கண்காட்சி விலை' இன்று மாலை வரைதான் என்றார்கள். அங்கேயே பாதிப் பணத்தை அட்வான்ஸ் கட்டிவிட்டார். மிஷின் வந்தது. காப்பித்தூளைப் போட்டால் எடை நிற்கவில்லை. பாக்கெட் ஒன்றுக்கு நாலைந்து கிராம் ஏறி இறங்கியது. தூசி பறந்து ஒட்டும் இடத்தில் படிந்ததால் சீல் பிடிக்கவில்லை. சர்க்கரை போன்ற குருணைச் சரக்குக்குக் கிண்ண அளவை போதும். தூளுக்குத் திருகு அமைப்பில் அளந்து தள்ளும் 'ஆகர்' வேண்டும் என்பதை அந்தக் கம்பெனிக்காரர் சொல்லவே இல்லை. சர்வீஸ் ஆள் வர மூன்று வாரம். அவருக்கு ரயில் கட்டணமும் அறை வாடகையும் இவர் தலையில். தீபாவளி வியாபாரம் கையால் ஒட்டிய பாக்கெட்டிலேயே போயிற்று. அந்த மிஷின் இன்று அவர் கிடங்கில் துணி மூடி நிற்கிறது.

எனவே மிஷின் பார்க்கப் போகிறவர் ஐந்து கிலோ சொந்தத் தூளை, சிக்கரி கலந்தபடியே, பையில் எடுத்துப் போக வேண்டும். "இதைப் போட்டு ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தட்டிக்கழிப்பவரிடம் மேலே பேச வேண்டியதில்லை. வறுவை மிஷின் என்றால் எந்த எரிவாயுவுக்கு அமைந்தது என்று கேளுங்கள். குழாய் வாயுவுக்குச் செய்த பர்னர் சிலிண்டர் வாயுவில் ஓட ஜெட் மாற்ற வேண்டும். அமெரிக்காவிலிருந்து வருவது 110 - 120 வோல்ட்டாக இருக்கலாம். நம் மின்சாரம் 230. மோட்டார் சிங்கிள் பேஸா, திரீ பேஸா? திரீ பேஸ் என்றால் உங்கள் கடை இணைப்பு தாங்குமா? 15 கிலோ டிரம் என்றால் மணிக்கு எத்தனை தடவை வறுக்கும், புகைபோக்கி எத்தனை அடி உயரம் வேண்டும், மாடியில் குடியிருப்பவர் என்ன சொல்வார்? பெல்ட், பேரிங், அரவைத் தட்டு ஆகியவற்றின் விலையை அங்கேயே எழுதி வாங்குங்கள். சொன்ன விலையில் ஜி.எஸ்.டி. சேர்ந்ததா, வண்டி வாடகை யாருடையது என்பதையும்தான். தமிழ்நாட்டில் அந்த மிஷினை ஓட்டும் மூன்று பேரின் ஊரைக் கேட்டு, திரும்பும் வழியில் ஒருவரையாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

பை வாங்குகிறவர்கள் லேபிள் வாசகத்தை எழுதிக் கொண்டுபோவது நல்லது. சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதத்துக்குக் குறையக் கூடாது; காப்பி எத்தனை சதம், சிக்கரி எத்தனை சதம் என்பதை மேலே அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புச் சட்ட விதி. இந்த எழுத்துக்கு இடம் விடாமல் அழகான பையை ஆயிரக்கணக்கில் அடித்துவிட்டால் பிறகு ஸ்டிக்கர்தான். வறுத்த காப்பி வாயுவை வெளிவிடும் என்பதால், வெளியூருக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒருவழி வால்வு வைத்த பை பயன்படும். கண்முன் அரைத்துக் கொடுக்கும் கடைக்கு அது தண்டச் செலவு.

அழைப்பிதழைப் படிக்கும் விதம்

அழைப்பிதழ் வந்ததும் சென்ற முறை ஸ்டால் போட்டவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் அதுவே பதில். பட்டியலில் உங்கள் கொள்முதல் சீட்டுக்குப் பொருந்தும் பெயர்களைப் பேனாவால் சுழியுங்கள். பத்துக்கும் குறைவாக இருந்தால் அவர்களுக்குப் போன் செய்து விலைப்பட்டியல் வரவழைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். 'சிறந்த காப்பி வணிகர் விருதுக்கு நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள், பதிவுக் கட்டணம் மட்டும்' என்று வரும் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள்.

போவதென்று முடிவானால் முதல் நாளே போங்கள். அன்றுதான் முதலாளிகள் ஸ்டாலில் இருப்பார்கள். மூன்றாம் நாள் துண்டுப் பிரசுரம் கொடுக்கும் பையன்கள்தாம் இருப்பார்கள். காட்சிக்கு வைத்த மிஷினைத் திரும்பக் கொண்டுபோகும் வாடகையை மிச்சப்படுத்தக் கடைசி நாள் மாலையில் விலை இறக்கிக் கொடுப்பதும் உண்டு. முதல் நாள் ஓட்டிப் பார்த்து, விசாரித்து முடித்தவருக்கு அது நல்ல வாய்ப்பு. கடைசி நாள் மட்டும் போகிறவருக்கு அது பொறி. வாரண்டி மற்ற மிஷின்களுக்குப் போலவே உண்டா என்பதை எழுத்தில் வாங்காமல் கை நீட்ட வேண்டாம். வியாபாரிகளுக்கு மட்டும் அனுமதி உள்ள கண்காட்சிகளில் கடைப் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் கேட்பார்கள்; முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். விசிட்டிங் கார்டு நூறு எடுத்துப் போனால் போதும். வாங்கிவந்த கார்டுகளின் பின்புறம் அன்றிரவே நாலு வரி எழுதி வையுங்கள். ஊர் வந்த பிறகு எந்த முகம் எந்தக் கார்டு என்று தெரியாது.

வரும் பிப்ரவரியில் ஹாசன், குஷால்நகர் க்யூரிங் ஆலைகளுக்குச் சேர்ந்து போய்வரலாம் என்ற யோசனை உறுப்பினர்கள் சிலரிடமிருந்து வந்துள்ளது. வேனுக்குப் பன்னிரண்டு பேர் என்று செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஐந்தைந்து மூட்டையாகக் கேட்பதைவிட அறுபது மூட்டையாகக் கேட்டால் பேச்சே வேறாக இருக்கும். வர விரும்புவோர் டிசம்பர் இறுதிக்குள் சங்க அலுவலகத்தில் பெயரும், தேவைப்படும் ரகமும், மூட்டைக் கணக்கும் எழுதிக் கொடுக்கவும். ஒவ்வொருவரும் தம் கடையில் இப்போது ஓடும் பச்சைக்கொட்டையில் கால் கிலோவும், சிக்கரித்தூள் கால் கிலோவும், ஒரு பித்தளை பில்டரும் கையோடு கொண்டு வரவும். பாலுக்கு அங்கேயே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.